வயிறு தள்ளிய சுவர்

களத்தில் நெல்லைத் தூற்றி முடித்ததும் அப்பா அதை ஒரே இடத்தில் குவித்து அம்பாரம் கட்டுவார். உச்சியில் எத்தனை கூடை கொட்டினாலும் குவியலின் சரிவு மாறாது. ஓரத்து மணிகள் உருண்டு அடிக்குப் போய்ச் சேரும். அம்பாரம் உயரும், அகலும், அந்தச் சாய்வு மட்டும் அப்படியே இருக்கும். இதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனாலும் மண்ணும் அப்படி உருளக்கூடிய பொருள்தான் என்று எனக்குத் தோன்றியதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் மண் படுத்துக் கிடக்கும். அதைக் கொத்தலாம், சேறாக்கலாம், வரப்பாகத் தூக்கி வைக்கலாம். அது யாரையும் தள்ளுவதில்லை.

நிற்கும் மண்ணைக் கோத்தகிரிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஏழு சென்ட் இடம், அதன் மேல்பாதியில் சிறிய வீடு, கீழ்ப்பாதியில் தோட்டம். தோட்டம் என்பது சரிவை வெட்டியும் நிரப்பியும் உண்டாக்கிய ஒரு தட்டு. பீன்ஸ் இரண்டு பாத்தி, கொஞ்சம் கேரட், ஓரமாக ரோஜா. அந்தத் தட்டின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சுவர் நின்றது. பன்னிரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம், எட்டு அங்குல ஹாலோ பிளாக், இருபுறமும் சிமென்ட் பூச்சு, வெளிர்பச்சைச் சுண்ணாம்பு. சுவருக்குக் கீழே நடைபாதை. காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள் போகிற பாதை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் இரவில் அந்தச் சுவர் விழுந்தது. நான்கு நாள் மழை பெய்து, ஐந்தாம் நாள் இரவு சற்று ஓய்ந்திருந்த நேரம். இடி போலச் சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படிக் கேட்கவில்லை. பெரிய ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம், அதன் பிறகு சிறிது நேரம் சலசலப்பு. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனபோது ரோஜாச் செடிகள் இருந்த இடத்தில் விளிம்பு இல்லை. சுவர் பலகை பலகையாகப் பாதையில் கிடந்தது. பூச்சு உதிரவில்லை, சுண்ணாம்பு கலையவில்லை. பிளாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே, வரிசை மாறாமல் விழுந்திருந்தன. அவற்றின் மேல் செம்மண் கூழாக வழிந்திருந்தது. பாதையில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சுவர் ஏன் விழுந்தது என்று கேட்டபோது பலரும் சொன்ன பதில் மழை. மழை உண்மைதான். நீலகிரியின் கிழக்குச் சரிவில், குன்னூரிலும் கோத்தகிரியிலும், பெரிய மழை தருவது வடகிழக்குப் பருவம். மேற்கே கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி ஆவணியில் நனைகிறது. நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரங்களில் நிகழ்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் 1993 நவம்பரில் மரப்பாலம். அதற்கும் முன் 1978, 1979. அவலாஞ்சி என்ற இடத்தின் பெயரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரும் சரிவால் வந்தது. இந்த மலையின் பாறை சார்னோகைட், மிகக் கடினமானது. ஆனால் அந்தப் பாறையின் மேல் யுகயுகமாக மழையில் மக்கிய செம்மண், சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேலான தடிப்பில் போர்த்திக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது அதைக் கடப்பாரையால் செங்குத்தாக வெட்டினாலும் வெட்டிய மாதிரியே நிற்கும். பார்ப்பவனுக்கு அது பாறை போல நம்பிக்கை தரும். நீர் நிரம்பினால் அதே மண் வேறு பொருள்.

எங்கள் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சாதாரண மண், வடிந்த நிலையில், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 1.2 டன் விசையோடு தள்ளுகிறது. அதே மண்ணில் மேல்மட்டம் வரை நீர் நிரம்பி, அந்த நீர் வெளியேற வழியில்லாமல் நின்றால் விசை ஏறத்தாழ 2.5 டன். அதில் மண்ணின் பங்கு அரை டன்தான். மீதி இரண்டு டன் நீர். எட்டு அங்குல ஹாலோ பிளாக் சுவரில் ஒரு மீட்டர் நீளத்தின் எடை அரை டன் அளவுக்குத்தான் தேறும். உள்ளே கம்பி இல்லை. பிளாக்கின் பொந்துகளில் கான்கிரீட் நிரப்பவில்லை. அகலமான அஸ்திவாரம் இல்லை. பின்பக்கம் ஜல்லி இல்லை. நீர் வடிய வீப் ஹோல் என்று பெயருக்கு நான்கு குழாய்த் துண்டுகள் வைத்திருந்தார்கள். அவற்றின் உள்முனையில் களிமண் அடைத்துக் கிடந்ததை இடிபாட்டில் பார்த்தேன். சுவரைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. காம்பவுண்டுச் சுவர் கட்டும் கைப்பழக்கத்தோடு ஒரு தடுப்புச் சுவரைக் கட்டியிருந்தார், அவ்வளவுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஒன்றின் இருபுறமும் காற்று, மற்றதன் ஒருபுறம் மலை.

உயரம் இதில் செய்யும் வேலையை நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். சுவரை இரண்டு மடங்கு உயர்த்தினால் மண்ணின் தள்ளு விசை நான்கு மடங்காகும். சுவரை அடியிலிருந்து கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்காகும். மூன்றடிச் சுவரை ஆறடியாக்குவது என்றால் இன்னும் நான்கு வரி பிளாக் வைப்பது என்று நாம் நினைக்கிறோம். ‘சார், இன்னும் ரெண்டு வரி ஏத்திட்டா தட்டு சமமா வந்துடும்’ என்ற பேச்சை இந்த மலையில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். மலையில் சமதளத்துக்கு ஏங்கும் சமவெளிக்காரர்களின் பேச்சு அது. நானும் அப்படி ஏங்கியவன்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் மனிதரை நாம் வேறொரு வகுப்பில் சந்தித்திருக்கிறோம். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலும். மின்னூட்டத்துக்கு வருவதற்கு முன் அவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1764இல் கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பப்பட்டு, எட்டு ஆண்டுகள் அங்கே ஒரு கோட்டை கட்டினார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர் 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். 1776இல் அது அச்சாயிற்று. சுவருக்குப் பின்னால் உள்ள மண் முழுவதும் சுவரைத் தள்ளுவதில்லை, ஆப்பு வடிவில் ஒரு பகுதி மட்டும் சரிந்து இறங்கப் பார்க்கிறது, அந்த ஆப்பின் எடைக்கும் அது வழுக்கும் தளத்தின் உராய்வுக்கும் நடக்கும் இழுபறிதான் சுவரின் மேல் வந்து விழுகிறது என்று அவர் காட்டினார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் பொறியாளர்கள் அந்த ஆப்பைத்தான் வரைகிறார்கள். எனக்கு அதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது அப்பாவின் அம்பாரம். களத்துச் சுவரோரம் குவித்த நெல்லில், சுவரை எடுத்துவிட்டால் எந்த மணிகள் உருளுமோ அந்த மணிகள்தான் ஆப்பு.

சுவர் விழுந்த வாரம் எங்கள் பகுதிக் கொத்தனாரை அழைத்து வந்தேன். அறுபதைத் தாண்டியவர். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய தகப்பனார் கான் வெட்டியும் கல்லுக்கட்டு கட்டியும் வந்தவர். மலைச்சரிவில் நீரை வழிநடத்தும் குறுக்கு வாய்க்காலைத்தான் அந்தத் தோட்டங்களில் கான் என்பார்கள். இவர் இன்றும் சாக்கடையைக்கூடக் கான் என்றே சொல்வார். விழுந்த சுவரை அவர் வெகுநேரம் பார்க்கவில்லை. விழாமல் நின்ற இரண்டு மீட்டர் துண்டைத்தான் பார்த்தார். ஒரு நூலை மேலிருந்து கீழே பிடித்து, நடுவில் மூன்று விரல் இடைவெளி காட்டினார்.

“இது அன்னிக்கே வயிறு தள்ளியிருக்கு சார். பூசி மறைச்சிருக்காங்க.”

சுவர் வயிறு தள்ளுவது என்ற சொல்லை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். நடுவில் பருத்து வெளியே வருவது. அந்தப் பூச்சைப் போடச் சொன்னது நான். சுவர் விழுவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் அதில் படிக்கட்டு போல ஏறிய ஒரு விரிசலைப் பார்த்துவிட்டு, மழைநீர் உள்ளே போகக் கூடாது என்று பூசி, சுண்ணாம்பு அடித்தேன். நீர் உள்ளே இருந்துதான் வெளியே வரப் பார்த்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

புதிய சுவருக்கு அவருடைய முதல் தேர்வு கருங்கல்லைக் கலவை வைத்துக் கட்டுவது. என்னுடைய மனதில் கேபியன் இருந்தது. மலைச்சாலைகளின் திருப்பங்களில் கம்பிவலைப் பெட்டிகளில் கல்லை நிரப்பி அடுக்கியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பக்கத்து வீட்டு ஆசிரியர், மூன்றாவதாக, கான்கிரீட் பிளாக்கையே ஒழுங்காகக் கட்டுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிளாக் மோசமான பொருள் அல்ல. பொந்துகளில் கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்பி, அந்தக் கம்பி கீழே அகலமான அஸ்திவாரத்தில் பிணைந்திருந்தால், சுவர் தன் எடையால் நிற்க வேண்டியதில்லை. பின்னால் நீளும் அஸ்திவாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மண்ணின் எடையே சுவரைப் பிடித்துக்கொள்ளும். பின்புறம் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, அதன் அடியில் துளையிட்ட குழாய், மண் வந்து ஜல்லியை அடைக்காமல் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி. இத்தனையும் செய்தால் அது பல பதிற்றாண்டுகள் நிற்கும். இடமும் குறைவாகத்தான் எடுக்கும்.

ஆனால் இத்தனையும் செய்தார்களா என்று சுவர் எழும்பிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. கம்பி உள்ளே, குழாய் மண்ணுக்குள், துணி இருளில். ஐந்து வருடம் கழித்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டதா என்று தெரிந்துகொள்ள வெளியே தெரிவது நான்கு துளைகள் மட்டுமே. விறைப்பான சுவர் தன் கஷ்டத்தை அதிக நாள் காட்டாது. மிகச் சிறிய அசைவில் விரிசல் விடும், விரிசலைப் பூசிவிடுவோம், அடுத்த அசைவில் சுவர் இருக்காது. பொறியாளர்கள் இதற்குச் சொல்லும் சொல் முறிவு. எனக்கு வேண்டியிருந்தது முன்கூட்டியே சொல்லும் சுவர். ஐம்பது பிள்ளைகள் நடக்கிற பாதைக்கு மேலே சுவர் வைத்திருப்பவனுக்கு எவ்வளவு காலம் நிற்கும் என்பதைவிட எப்படி விழும் என்பது பெரிய கேள்வி.

கேபியன் என்ற சொல் கூண்டைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வருகிறது. பெரிய கூண்டு என்பது பொருள். பீரங்கிப் போர்க் காலத்து ஐரோப்பாவில் பிரம்பு போன்ற மிலாறுகளால் ஆளுயரக் கூடை முடைந்து, மண் நிரப்பி, பீரங்கிகளுக்கு முன்னால் அரணாக வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் போலோனா நகருக்கு அருகே, ரேனோ ஆற்றுத் தடுப்பணையைச் சீர்செய்யக் கம்பி வலையால் ஆன சாக்குகளில் கல்லை நிரப்பி இறக்கினார்கள். இப்போதைய பெட்டிகள் அந்த வழியில் வந்தவை. காவிரிப் படுகையில் பிறந்தவனுக்கு இது அந்நியமாகத் தெரியாது. வெள்ளத்தில் கரை உடைத்துக்கொண்டால் சவுக்குக் கம்புகளை அடித்து, தட்டி கட்டி, நடுவே மணல் மூட்டைகளை இறக்கி அடைப்பதைச் சிறுவயதில் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். ஓடும் நீருக்கு எதிரே விறைத்து நிற்கிற எதையும் அங்கே யாரும் முதலில் வைப்பதில்லை. நெகிழ்ந்து உட்காரக்கூடியதைத்தான் இறக்குவார்கள்.

கேபியன் சுவரின் தத்துவம் எளிது. வெறும் எடை. உள்ளே அடுக்கிய கற்களுக்கு நடுவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இருக்கும். ஆகவே ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 1.7 டன். அடியில் ஒன்றரை மீட்டர் அகலம், மேலே ஒரு மீட்டர் அகலம் என்று இரண்டு வரி வைத்தால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நான்கு டன்னுக்கு மேல் எடை. 1.2 டன் தள்ளும் மண்ணுக்கு முன்னால் அது போதும். 2.5 டன் என்ற அந்த மற்றொரு எண் இங்கே வருவதே இல்லை, ஏனென்றால் சுவரின் பின்னால் நீர் தேங்குவதற்கு வழியில்லை. சுவர் முழுவதும் துளை.

ஆனால் இதை ஏதோ இயற்கையோடு இயைந்த புனிதமான முறை என்று எழுத என்னால் முடியாது. முதல் சிக்கல் கல். எங்கள் சுவருக்கு முப்பது கனமீட்டர் தேவைப்பட்டது. கொத்தனார் கணக்கில் பதினொரு யூனிட், எடையில் ஐம்பது டன். மலை முழுக்கக் கல்தானே என்று கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். இந்த மலையில் கல் உடைத்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. காரமடைப் பக்கத்திலிருந்து லாரியில் அத்தனை கல்லையும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. சிமென்ட் உலகின் கரிவளி வெளியீட்டில் ஏறத்தாழ எட்டு சதவீதத்துக்குக் காரணம் என்பதை நான் அறிவேன்; அதைத் தவிர்த்ததில் எனக்கு நிறைவுதான். ஆனால் அந்த லாரிகளின் டீசலையும், எங்கோ ஒரு குன்று குறைந்ததையும் கணக்கில் சேர்க்காமல் அந்த நிறைவைச் சொல்வது நேர்மை ஆகாது. இடிந்த சுவரின் பிளாக்குகளை உடைத்து உள்ளே போடலாமா என்று கேட்டேன். ஹாலோ பிளாக் சல்லடை போல; எடை இல்லை, நீரில் நைந்து உதிரும் என்று கொத்தனார் மறுத்தார். அவற்றைப் படிக்கட்டுக்கு அடியில் நிரப்பினோம்.

இரண்டாவது இடம். ஒன்றரை மீட்டர் அகலம், பன்னிரண்டு மீட்டர் நீளம். பதினெட்டுச் சதுர மீட்டர், கிட்டத்தட்ட அரை சென்ட் நிலம் சுவருக்குப் போனது. ஒரு பீன்ஸ் பாத்தியை இழந்தோம். ஏழு சென்ட் உள்ளவனுக்கு அது சிறிய விஷயம் இல்லை. இரண்டு சென்ட்டில் வீடு கட்டிக்கொண்டு இதே சரிவில் வாழ்கிறவர்களுக்குக் கேபியன் என்பது பேச்சுக்கே வராத ஒன்று. தடுப்புச் சுவர்களைப் பற்றிய அழகான யோசனைகள் எல்லாம் ஓரளவு நிலம் உள்ளவர்களின் யோசனைகள் என்பதை இங்கே வந்த பிறகு அடிக்கடி உணர்கிறேன். 2009இல் மண்ணுக்கடியில் போன வீடுகளில் பல, மலையின் மிக மோசமான மடிப்புகளில், வேறு இடம் கிடைக்காதவர்கள் கட்டியவை.

மூன்றாவதாக வந்ததுதான் கொத்தனாரின் கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை.

“கல்லு கெடக்கும் சார். கம்பி எத்தன வருசத்துக்கு?”

பெட்டிக்கம்பியின் தடிமன் 2.7 மில்லிமீட்டர், விளிம்புக் கம்பி 3.4. அதன் மேல் துத்தநாகப் பூச்சு, அல்லது துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் கலந்த பூச்சு, அதற்கும் மேல் பிவிசி உறை. இரும்பைக் காக்கத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. அது இருக்கும்வரை இரும்பு துருப்பிடிக்காது. பூச்சின் தடிப்பும் மண்ணின் அமிலத்தன்மையும் ஈரமும் சேர்ந்துதான் ஆயுளை முடிவு செய்கின்றன. கோத்தகிரியின் மண் அமில மண், தேயிலை அதனால்தான் செழிக்கிறது; அடிக்கடி பனிமூட்டம் வேறு. ஆகவே உறையுள்ள கம்பியைத்தான் தேடினோம். கடையில் முதலில் காட்டியது கோழிக்கூண்டு வலையைக் கொஞ்சம் தடிப்பாக்கியது போல இருந்தது. இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஐஎஸ் 16014 என்ற எண் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வலையில் கம்பிகள் ஒன்றையொன்று இரட்டை முறுக்கில் பின்னியிருக்கும்; எங்காவது ஒரு கம்பி அறுந்தாலும் பின்னல் பிரிந்துகொண்டே போகாது. இந்த ஒரு குணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன்.

கொத்தனார் கடைசிவரை கம்பியை நம்பவில்லை. அதனால் பெட்டியே இல்லாவிட்டாலும் நிற்கும்படி கல்லை அடுக்குவேன் என்றார். அந்தப் பிடிவாதம்தான் எங்கள் சுவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கேபியன் கட்டும் பலர் ஜேசிபியால் கல்லை அள்ளிப் பெட்டிக்குள் கொட்டிவிட்டு மூடியைக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கொட்டிய கல் நாளாக நாளாகக் குலுங்கி இறங்கும், பெட்டி முன்பக்கம் உப்பும். எங்கள் பாதைக்கு ஜேசிபி வரவும் முடியாது. இந்த மாவட்டத்தில் அதை இறக்க அனுமதியும் வேண்டும். அவரும் அவருடைய மகனும் கல் சுமக்க வந்த நான்கு பெண்களும் பத்தொன்பது நாள் வேலை செய்தார்கள். பெண்கள் ஒவ்வொரு கல்லையும் சாலையிலிருந்து எழுபது படி இறக்கினார்கள். அவர்களுடைய கூலியும் சேர்த்துத்தான் கேபியன் மலிவா, பிளாக் மலிவா என்ற கணக்கைப் போட வேண்டும். எங்கள் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ சமமாக வந்தது. ஒன்றில் பணம் கடைக்குப் போகிறது, மற்றதில் பெரும்பகுதி கைகளுக்குப் போகிறது.

அடுக்குவதைப் பார்ப்பது ஒரு பாடம். முகப்பில் தட்டையான பக்கம் வெளியே பார்க்கும்படி பெரிய கல்; அதன் வால் உள்ளே போக வேண்டும். இரண்டு கல்லின் இணைப்புக்கு மேலே மூன்றாவது கல்லின் நடு வர வேண்டும். ஆடுகிற கல்லுக்கு அடியில் சக்கை கொடுத்து, சம்மட்டியின் பின்புறத்தால் இரண்டு தட்டு. வலைக்கண் எட்டுக்குப் பத்து சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய கல் முகப்புக்கு வரக் கூடாது. ஒரு அடி உயரம் வந்ததும் முன்வலையையும் பின்வலையையும் குறுக்கே கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும், பிறகு அடுத்த ஒரு அடி. ஒரு பெட்டியை மட்டும் நிரப்பிக்கொண்டே போகக் கூடாது. பக்கத்துப் பெட்டியும் கூடவே ஏற வேண்டும், இல்லாவிட்டால் நடுவலை கோணிக்கொள்ளும். கடைசியில் இரண்டு விரல் கூடுதலாகக் கல்லைக் குவித்து மூடியை இழுத்துக் கட்டினார்கள், பின்னால் இறங்கும் என்பதற்காக. பெட்டிகளுக்கும் பின்னால் உள்ள மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, சுவர் முழுவதையும் மலையை நோக்கிச் சற்றே சாய்த்திருந்தார்கள். தூக்குக்குண்டு காட்டும் செங்குத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதல் வாரம் அது உறுத்தியது.

சமையலறைப் பக்கத்தில் இன்னொரு தடுப்பு தேவைப்பட்டது. மூன்றடி உயரம், வீட்டுச் சுவரிலிருந்து ஒரு மீட்டர்கூட இடமில்லை. அங்கே பிளாக்தான் வைத்தோம். கம்பி, கான்கிரீட், ஜல்லி, குழாய் எல்லாவற்றையும் நானே நின்று பார்த்தேன். குழாயின் மேல்முனையைத் தரைக்கு மேலே நீட்டி மூடி போட்டிருக்கிறோம். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு வாளி நீர் ஊற்றினால் கீழ்முனையில் வருகிறதா என்று தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் மலை ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கவனித்தால் தெரியும், 1899இல் திறந்த பாதை அது, அதன் கருங்கல் தடுப்புகளில் துளைகளுக்குக் கீழே கறுப்பாக நீர்த்தாரைகள் படிந்திருக்கும். அந்தக் கறை இருந்தால் துளை வேலை செய்கிறது. கறையே இல்லாத துளையைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பயம் வருகிறது.

கேபியனில் இரண்டாவது மழைக்குப் பிறகு பாசி வந்தது. பிறகு பெரணி, கற்களின் இடுக்கில் காற்று கொண்டுவந்த புழுதியில். ஒருநாள் காலை வெயிலில் முதுகுச் செதில்கள் முள்முள்ளாக நின்ற பச்சை ஓணான் ஒன்று மேல்விளிம்பில் உட்கார்ந்திருந்தது. இந்த மலைகளை விட்டு வேறெங்கும் அதிகம் காண முடியாத வகை. பூசிய சுவரில் அது ஏறியதை நான் பார்த்ததில்லை. பாம்பு வரும் என்று வீட்டில் பயந்தார்கள். வந்தது, மண்ணுக்குள் வாழும் விரல் தடிப்புள்ள கேடயவால் பாம்பு, யாரையும் கடிக்காதது. இவையெல்லாம் வரும் என்று எண்ணிக் கட்டவில்லை. ஆனால் நீர் போக விட்ட வழியில் இவை வந்தன.

கொத்தனார் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னும் பின்னும் வருகிறார். நான் கூப்பிடாமலே. சுவரின் இரு முனைகளிலும் நூலைக் கட்டி, பன்னிரண்டு மீட்டரும் நடந்து, நூலுக்கும் வலைக்கும் இடைவெளியை விரலால் அளக்கிறார். அளவுகளை ஒரு பழைய பள்ளி நோட்டில் நான் எழுதி வைக்கிறேன். முதல் வருடம் எல்லாப் பெட்டிகளும் அரை விரல் இறங்கின. இரண்டாம் வருடம் எதுவும் நகரவில்லை. இந்த வருடம் இடமிருந்து நான்காவது பெட்டி ஒன்றரை விரல் முன்னால் வந்திருக்கிறது.

மழை விட்டிருந்த ஒரு மாலையில் நாங்கள் இருவரும் பாதையில் குனிந்து அந்தப் பெட்டியின் அடியைப் பார்த்தோம். மற்ற பெட்டிகளின் அடியில் கசிந்த நீர் தெளிவாக இருந்தது. நான்காவதன் அடியில் தேநீர் நிறத்தில் இருந்தது. அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, சிறிது நேரம் வைத்திருந்து, நீரைக் கவிழ்த்தார். ரேகைகளில் செம்மண் தங்கியிருந்தது.

“பின்னாடி துணி கிழிஞ்சிருக்கு சார். மண்ணு வருது.”

“இப்பவே பிரிக்கணுமாண்ணே?”

“மழைல பிரிக்க வேணாம். தை பொறந்ததும் மேல்மூடியக் கழட்டி, கல்ல எடுத்து வச்சிட்டு, துணிய மாத்திரலாம். அதுவரைக்கும் தெனம் காலையில வந்து தண்ணியப் பாருங்க. நெறம் கூடுனா போன் பண்ணுங்க.”

அன்றிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரோடு காலையில் பாதைக்கு இறங்குகிறேன். பள்ளி மணிக்கு முன். நான்காவது பெட்டியின் அடியில் டம்ளரை வைத்து நிரம்பும்வரை காத்திருந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நோட்டில் தேதி போட்டு நிறத்தை எழுதுகிறேன். இன்று கார்த்திகை ஒன்பது. நேற்றைவிடச் சற்று வெளுத்திருக்கிறது.